ஐந்துக்கு ஐந்து

எந்த வயலை அறுத்து எடை போடுவது என்று
குலுக்கிப் போட்டது ஆளில்லை, செல்போன்.
இருநூற்றுப் பதினாலு, பார் மூன்று.
என்னுடையது.

மணலேந்தலுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு தார்ச்சாலை, கொஞ்சம் உடைமரம்.
அந்த வருஷம் கார்த்திகை ஏமாற்றியது.
மார்கழியில் மேகம் வந்து
எங்களைத் தாண்டிக் கடலில் பெய்துவிட்டுப் போனது,
மீன் குடிக்கட்டும் என்று.

கதிர் தள்ளாமல் தாள் வெளுத்தபோது
ஊர் பதறவில்லை.
ஏக்கருக்கு முந்நூற்றுச் சொச்சம் கட்டி
சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்திருந்தோமே.
"சாவியானாத்தான் சாமி கண்ணத் திறக்கும்"
டீக்கடையில் சிரித்தார் உமையண்ணன்.
காப்பீட்டுப் பணத்தை நம்பிப்
பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார் பங்குனியில்.

எனக்குப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.
சாலைக்கு மண் அள்ளிய குழியில்
இடுப்பளவு தண்ணீர் கிடந்தது.
தேவிபட்டினத்தில் தோட்டை அடகு வைத்தேன்.
வாடகைக்கு ஆயில் எஞ்சின், நானூறு அடி நீல ஹோஸ்,
கசிகிற இடமெல்லாம் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டி
பதினோரு இரவு.
முக்கால் ஏக்கர் மட்டும் பச்சையாக நின்றது,
வெளுத்த வேட்டியில் கறை மாதிரி.

தை கடைசியில் இன்பென்டா மேடம் வந்தார்.
கூட ஒரு கம்பெனிப் பையன், கையில் நைலான் கயிறு.
நாலு முளைக்குச்சி.
ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர்.
அறுத்து, அடித்து, தூற்றி
தராசில் தொங்கவிட்டபோது
வரப்பெல்லாம் ஆட்கள்.
பதினொன்று கிலோ இருநூறு.
யாரோ "அய்யோ" என்றார்கள்.
நெல் விளைந்ததற்கு எழவு வீட்டுச் சத்தம்
அன்றைக்குத்தான் கேட்டேன்.

மற்ற மூன்று வயலில்
ஒன்று நானூறு கிராம், ஒன்று அறுநூறு,
ஒன்றில் தூற்றியதெல்லாம் காற்றோடு போனது.
நாலையும் கூட்டி நாலால் வகுத்தால்
மணலேந்தல் மூன்று கிலோ ஐம்பது கிராம் விளைந்த ஊர்.
இழப்பு என்ற கட்டத்தில்
"இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.
ஓடைக்கு அந்தப் பக்கம் சிறுவயலூருக்கு
ஏக்கருக்கு எட்டாயிரம் ஏறியது.
அங்கே குறுஞ்செய்தி வந்த சத்தம்
எங்கள் டீக்கடை வரைக்கும் கேட்டமாதிரி இருந்தது.

எனக்கும்தான் வரவில்லை.
அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.
உமையண்ணன் என்னைப் பார்க்காமல்
தன் மாட்டைப் பார்த்துக் கேட்டார்:
"ஒரு ராத்திரி தூங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?"
குழாயடியில் என் குடம் நிற்கிற இடத்தில்
வேறு குடம் நின்றது.
முளைக்குச்சி பிடுங்கிய நாலு ஓட்டையும்
கோடை முழுக்க அப்படியே கிடந்தது.
ஒன்றில் நண்டு குடியேறியிருந்தது.

ஆவணி முடிகிறது.
புழுதியில் விதைக்க ஊரில் விதை இல்லை.
விளைந்தால்தானே விதை.
இருட்டினபிறகு வந்தாள் பஞ்சவர்ணம்,
உமையண்ணன் வீட்டுக்காரி.
முதலில் என் ஆட்டைப் பற்றிப் பேசினாள்,
பிறகு புழுக்கத்தைப் பற்றி,
காதுகுத்தைத் தள்ளிப்போட்டதைப் பற்றி.
கடைசியாகக் கக்கத்திலிருந்த சாக்கை விரித்தாள்.

விலை சொன்னேன்.
குறைக்கவில்லை.
டீசலும் அடகு வட்டியும் சேர்ந்த விலை அது.
எடை போட்டு முடித்தபின்
ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டேன்.
அது எல்லோருக்கும் செய்கிறதுதான்.
அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு சாக்கு
அந்த வாரத்துக்குள் வந்தது,
எல்லாம் இருட்டினபிறகு.

ஐப்பசியில் கூட்டுறவுச் சங்கத்தில்
மறுபடியும் காப்பீட்டுக்கு வரிசை.
"சர்வே நம்பர்?"
பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.
"சத்தமாச் சொல்லுங்கம்மா."

சன்னலுக்கு வெளியே கடல்பக்கம்
மேகம் மாதிரி ஒன்று.
எஞ்சின்காரன் இரண்டு தரம் போன் செய்துவிட்டான்.
இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.